சுதந்திராக் கட்சி: ஒரே பெயருக்குள் நாலு கட்சி

ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் நின்றபடி இதைக் கேட்கிறவர்கள்தான் அதிகம் என்று தெரியும், அதனால் நேரா விஷயத்துக்குப் போயிடுறேன்.

சென்னையில் நீங்கள் காலையில் குடித்தது மெட்ரோ வாட்டர் என்றால், அதில் ஒரு பங்கு சேத்தியாத்தோப்பு வழியாக வந்திருக்கலாம். வீராணம் ஏரித் தண்ணீரை அந்தப் பக்கத்திலிருந்துதான் வடக்குத்துக்கு ஏற்றி, சுத்திகரித்து, சென்னைக்கு அனுப்புகிறார்கள். சிதம்பரம், விருத்தாசலம், கும்பகோணம், நெய்வேலி எங்கே போவதானாலும் பஸ் அந்த ஊர் முக்கில் ஒரு நிமிஷம் நிற்கும். வெள்ளாறு, ஒரு அணைக்கட்டு, எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை, சுற்றிலும் நெல்லும் கரும்பும். என் அம்மா ஊர் அந்தப் பக்கம்.

2023 ஜூலையில் அந்த ஊர்ப் பெயர் திடீரென்று எல்லா சேனலிலும் ஓடியது. பக்கத்தில் இருக்கும் வளையமாதேவியில், நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. என்.எல்.சி.யின் இரண்டாவது சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்டும் வேலை. நிலத்தை எப்போதோ எடுத்தாச்சு, பணமும் கொடுத்தாச்சு என்றது நிறுவனம். ஆனால் உழுது நட்டவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள், பயிரும் இருந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று முடிவானது.

அந்த வாரம் ஆபீஸில் ஒரு நண்பன் கேட்டான்: “சொத்துரிமை அடிப்படை உரிமைதானேடா? எப்படி இப்படி உள்ளே இறங்க முடியுது?” இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, இப்போது அடிப்படை உரிமை இல்லை. அது போன கதையைத் தேடிப் போனால், அதைக் காப்பாற்றுவதற்காகவே தொடங்கப்பட்ட ஒரு கட்சி கிடைக்கும். 1967இல் மக்களவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி அதுதான், 44 இடம். ஏழே வருஷத்தில் கலைந்துபோனது. சுதந்திராக் கட்சி. சின்னம் நட்சத்திரம்.

ராஜாஜி கட்சி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பழமைவாதக் கட்சி என்று அரசியல் புத்தகங்கள் எழுதும். இரண்டும் சரி, இரண்டும் பாதிதான். அந்தக் கட்சிக்குள் நாலு பேர் நாலு வேறு விஷயத்தைக் காப்பாற்ற வந்திருந்தார்கள். நாலுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். இந்த எபிசோடு அதைப் பற்றித்தான்.

1959 ஜனவரி. நாகபுரி காங்கிரஸ் மாநாடு. விவசாயத்தின் எதிர்காலம் கூட்டுறவுக் கூட்டுப்பண்ணை என்று ஒரு தீர்மானம் வருகிறது. நிலத்துக்கு உரிமை உன்னிடமே இருக்கும், ஆனால் வரப்பை எடுத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து உழுவோம், விளைச்சலைப் பங்கிடுவோம். நேருவுக்கு இதில் நம்பிக்கை இருந்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த சரண் சிங் அந்த மாநாட்டிலேயே எழுந்து எதிர்த்தார். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவார். அதே ஆண்டு ஜூன் 4ஆம் தேதி சென்னையில் புதுக் கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது 80 வயது. நாம் 30 வயதில் வேலை மாறவே யோசிக்கிறோம்.

முதல் ஆள் என்.ஜி. ரங்கா, கட்சித் தலைவர். ஆந்திராவின் குண்டூர் பக்கம். ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு வந்து விவசாயிகளைத் திரட்டியவர், 1936இல் அகில இந்திய கிசான் சபா உருவானபோது முன்னால் நின்றவர். அவருக்குச் சொத்து என்றால் குடும்பமே உழுது பிழைக்கும் நாலைந்து ஏக்கர். அது போனால் விவசாயி கூலியாகிவிடுவான், கூலியானால் சுயமரியாதை போய்விடும் என்பது அவர் வாதம்.

இரண்டாவது, மினு மசானி. பம்பாய் பார்சி. 1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், அப்புறம் ரஷ்யாவில் நடந்ததைப் பார்த்து முழுக்க எதிர்ப்பக்கம் போனவர். டாடா நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவருக்குச் சொத்து என்றால் தொழில், முதலீடு, போட்டி. லைசென்ஸ் வாங்க டெல்லியில் காத்துக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்று ஸ்டார்ட்அப் பாட்காஸ்ட்களில் பேசுகிறவர்கள் பலர், தெரிந்தோ தெரியாமலோ, மசானி பேசியதைத்தான் பேசுகிறார்கள். காங்கிரசுக்குக் கொடுப்பதோடு சுதந்திராவுக்கும் நன்கொடை தரப்போகிறோம் என்று ஜே.ஆர்.டி. டாடா நேருவுக்கே எழுதித் தெரிவித்தார். அப்படியும் ஒரு காலம் இருந்திருக்கிறது!

மூன்றாவது கூட்டம், அரண்மனைக்காரர்கள். ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, ஒடிசாவில் ஆர்.என். சிங் தேவ், பீகாரில் ராம்கர் ராஜா காமாக்ய நாராயண் சிங். இவர்களுக்குச் சொத்து என்றால் பரம்பரை, மன்னர் மானியம், ஊரில் இருந்த செல்வாக்கு. கட்சிக்கு ஓட்டு வந்தது பெரும்பாலும் இவர்கள் வழியாக. பீகாரில் 1962இல் ராம்கர் ராஜாவோடு 50 சட்டமன்ற இடம். அவர் கோபித்துக்கொண்டு தன் ஆட்களோடு போன பிறகு, 1967இல் 3 இடம். கட்சி அவரிடம் இருந்ததா, அவர் கட்சியில் இருந்தாரா? பார்த்துக்கோங்க.

நாலாவது ராஜாஜி. அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1952இல் முதலமைச்சராக வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தவர், அந்த அளவில் மசானி பக்கம். அதே வருஷம் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து மிராசுதார்களின் கையைக் கட்டியவரும் அவர்தான். பணக்காரன் தன் சொத்துக்கு வெறும் தர்மகர்த்தா என்ற காந்தி சொன்ன கருத்தை நம்பியவர். கட்டுப்பாடு வேண்டும், ஆனால் அது மனசாட்சியிலிருந்தும் தர்மத்திலிருந்தும் வரவேண்டும், செயலகத்திலிருந்து வரக்கூடாது என்பது அவர் நிலை. மசானியின் பம்பாய் நண்பர்களுக்கு இந்தத் தர்மப் பேச்சு எவ்வளவு தூரம் புரிந்திருக்கும் என்பது சந்தேகம்.

நாலு பேரையும் ஒரே கூரையின் கீழ் வைக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கட்சிக்கு 21 கொள்கைகள். அதில் ஒரு ஷரத்து: இந்தக் கொள்கைகளுக்குள் வராத விஷயங்களில் உறுப்பினர் தன் இஷ்டப்படி பேசலாம், ஓட்டுப் போடலாம். நம் பாஷையில் சொன்னால், மெர்ஜ் கான்ஃபிளிக்ட் வரும் ஃபைலை எல்லாம் இக்னோர் லிஸ்டில் போட்டுவிட்டார்கள். அப்படிப் போட்டதில் மிகப் பெரிய ஃபைல், மொழி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது சிதம்பரத்தில் நடந்தது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி. மறுநாள் 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. மாணவர் ராசேந்திரன் இறந்தார். மொழிப்போர் தியாகிகள் வரிசையில் இன்றும் சொல்லப்படும் பெயர். சென்னை மாகாணம் முழுக்கக் கொந்தளித்த அந்த வாரங்களில், இந்தி ஆட்சிமொழி என்ற ஏற்பாட்டையே நிறுத்திவை, ஆங்கிலம் தொடரட்டும் என்று ‘சுவராஜ்யா’வில் விடாமல் எழுதியவர் ராஜாஜி. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அதே ராஜாஜி. அதை யாரும் மறக்கவில்லை, ஆனால் 1965இல் அவர் கையெழுத்து தேவைப்பட்டது.

அந்த நேரத்தில் அவர் கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவர் கே.எம். முன்ஷி. அரசியல் நிர்ணய சபையில் முன்ஷி–அய்யங்கார் ஃபார்முலா என்று ஒன்று வந்ததே, தேவநாகரியில் எழுதப்படும் இந்தி ஆட்சிமொழி, 15 வருஷம் ஆங்கிலம் கூட வரும் என்று, அந்த முன்ஷி! ராஜாஜி நிறுத்தச் சொன்ன ஏற்பாட்டின் ஆசிரியர் அதே கட்சியில் உட்கார்ந்திருக்கிறார். ராஜஸ்தான், பீகார் கிளைகளுக்கு இந்தி தாய்மொழி மாதிரி. அங்கே போய் ராஜாஜியின் மொழிக் கட்டுரையை யார் வாசிப்பது? கட்சியாகச் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அந்த ஷரத்துதான் காப்பாற்றியது. ஆனால் நம் ஊர்க்காரனுக்கு அந்தக் கட்சி தெரியாமலேயே போனதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மொழிக்காகக் குரல் கொடுத்தது ராஜாஜி என்ற மனிதர், சுதந்திரா என்ற கட்சி இல்லை. மொழிக்கு ஓட்டுப் போட வேண்டுமென்றால் தி.மு.க. இருந்தது.

சரி, மொழியில்தான் ஒத்துப்போகவில்லை, சொத்தில்? அதற்காகத்தானே கட்சி. இங்கேதான் கதை சிக்கலாகிறது. கொஞ்சம் சட்டம் வரும், பொறுத்துக்கோங்க.

தென்னாற்காடு ரயத்துவாரிப் பகுதி. நடுவில் ஜமீன்தார் கிடையாது, பட்டாதாரர் நேராக அரசுக்குத் தீர்வை கட்டுவார். நிலச் சீர்திருத்தத்துக்குப் பாதுகாப்பாக அரசியல் சட்டத்தில் ‘எஸ்டேட்’ என்று ஒரு சொல் இருந்தது. எஸ்டேட் என்றால் அரசு எடுத்துக்கொள்ளும்போது அடிப்படை உரிமை என்று கோர்ட்டுக்குப் போக முடியாது. ஜமீன் எல்லாம் அதில் அடங்கியது, ரயத்துவாரி நிலம் அடங்கவில்லை. காமராஜர் அரசு 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் போட்டது: ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1964இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. உடனே டெல்லியில் 17ஆவது திருத்தம் வேகம் பிடித்தது. ரயத்துவாரி நிலமும் இனி எஸ்டேட். சென்னைச் சட்டம் ஒன்பதாவது அட்டவணைக்குள். நேரு மறைந்த சில நாட்களில், 1964 ஜூனில், நிறைவேறியது.

ரங்கா நாடாளுமன்றத்தில் இதை உயிரைக் கொடுத்து எதிர்த்தார். சிறு விவசாயியின் நிலத்தை அரசு கேள்வி கேட்காமல் பறிக்க வழி செய்யும் திருத்தம் என்பதுதான் கட்சியின் பிரசாரம். ஆனால் அந்தத் திருத்தத்துக்குள்ளேயே ஒரு விதிவிலக்கு இருந்தது. ஒருவர் சொந்தமாகப் பயிர் செய்யும் நிலம், உச்சவரம்புக்குள் இருந்தால், அதை எடுக்கும்போது சந்தை விலைக்குக் குறையாமல் இழப்பீடு தர வேண்டும். அதாவது மூன்று ஏக்கர்காரனுக்கு ஒரு கவசம் இருந்தது. கவசம் இல்லாமல் நின்றவர்கள் 30 ஏக்கருக்கு மேலே வைத்திருந்தவர்கள். அவர்களுக்கான சண்டையைக் கட்சி மூன்று ஏக்கர்காரன் பெயரில் போட்டது.

ரங்கா வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அரசுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டால் நாளைக்கு அது யார் வீட்டுக்குள் வரும் என்று யாருக்கும் தெரியாது என்ற அவர் பயம் நியாயமானது. சேத்தியாத்தோப்புக்கு நான் போகும்போதெல்லாம் அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கட்சிக்குள் அரண்மனையும் ஆலையும் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பயத்தைச் சின்ன விவசாயி காதில் போட முடியவில்லை.

எங்க சின்னத் தாத்தாவிடம் போன பொங்கலுக்குக் கேட்டேன். 1967இல் முதல் ஓட்டுப் போட்டவர், அந்த நாளிலிருந்து மூன்று ஏக்கர்.

“தாத்தா, நட்சத்திரம் சின்னம் ஞாபகம் இருக்கா?”

“இருக்கே. பெரிய பண்ணை வச்சிருந்தவங்க கட்சிப்பா அது.”

“உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் ஆரம்பிச்சாங்களாம்.”

சிரித்தார். “எங்கிட்ட யாரும் வந்து சொல்லலையே.”

அவர்கிட்டயாவது மூன்று ஏக்கர் இருந்தது. ஒரு சென்ட்கூட இல்லாதவனுக்கு இந்த நாலு பேரில் யாரிடமும் பதில் இல்லை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் வயலில் இறங்குகிறவர்களில் பெரும்பங்கு நிலமற்ற தலித் குடும்பங்கள். சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவி, சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த சுவாமி சகஜானந்தர் வாழ்நாள் முழுக்கப் பேசியது அவர்களைப் பற்றித்தான். 1952இல் ராஜாஜி கொண்டுவந்த பண்ணையாள் சட்டம் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும். கொள்ளிடத்தின் தென்கரைப் பண்ணையாளுக்குப் பாதுகாப்பு, வடகரையில் இருந்தவருக்கு இல்லை. 1959க்குப் பிறகு கட்சித் தலைவராக ராஜாஜி அந்தச் சட்டத்தின் வழியில் இன்னொரு அடி எடுத்து வைத்திருந்தால்? வைக்க முடியாது. ரங்காவின் விவசாயியே அந்தக் கூலிக்கு முதலாளி.

1967க்கு வேகமாக ஓடிடுவோம், அந்தத் தேர்தல் கதை உங்களுக்குத் தெரியும். அண்ணாவும் ராஜாஜியும் ஒரே மேடை. தி.மு.க. ஆட்சி. கூட்டணியில் சுதந்திராவுக்குத் தமிழ்நாட்டில் 20 எம்.எல்.ஏ. 1962இல் 6தான், அப்போது ஜெயித்தவர்களில் ஒருவர் காரைக்குடி சா. கணேசன், கம்பன் கழகத்தைத் தொடங்கிய அதே ‘கம்பன் அடிப்பொடி’. டெல்லியில் 44 பேர். ஒடிசாவில் சிங் தேவ் முதலமைச்சர். வெளியிலிருந்து பார்த்தால் உச்சம்.

உள்ளே, யாரோடு சேர்வது என்ற சண்டை. வடக்கே ஜனசங்கத்தோடு நெருங்கினால்தான் காங்கிரசைத் தோற்கடிக்க முடியும் என்று ஒரு கூட்டம். மதத்தை அரசியலில் கலக்கக் கூடாது என்று மசானி. பாகிஸ்தானோடும் காஷ்மீர் தலைவர்களோடும் பேசித் தீர்க்க வேண்டும் என்று ராஜாஜி. சோமநாதர் கோயிலை எழுப்ப முன்னின்ற முன்ஷிக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும்? தெற்கே ராஜாஜி நாத்திகம் பேசிய கட்சியோடு கூட்டணி வைத்திருக்கிறார், வடக்கே அவர் கட்சி ஜனசங்கத்தோடு தொகுதி பேசுகிறது.

1969இல் இந்திரா காந்தி 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார். எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் ஆர்.சி. கூப்பர், சுதந்திராக்காரர். 1970 பிப்ரவரியில் அவரே ஜெயித்தார். அப்புறம் மன்னர் மானிய ஒழிப்பு. அதுவும் கோர்ட்டில் தோற்றது. கட்சி கோர்ட்டில் ஜெயித்த ஒவ்வொரு தடவையும் தெருவில் தோற்றது. பாங்க் முதலாளிக்கும் மகாராஜாவுக்கும் வக்கீல் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ‘வறுமையை ஒழிப்போம்’ என்று இந்திரா வந்தபோது ரங்காவின் நாலு ஏக்கர் விவசாயி எந்தப் பக்கம் போவான்?

இதற்குள் தமிழ்நாட்டில் தி.மு.க. உறவும் கசந்தது. தி.மு.க. அரசு 1970இல் உச்சவரம்பை 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்தது. 1971 தேர்தலில் ராஜாஜி போய் நின்ற இடம் காமராஜர் பக்கம். வாழ்நாள் போட்டியாளர்கள் இருவரும் ஒன்றாக நின்று தோற்றார்கள். டெல்லியில் கட்சி 8 இடத்துக்கு இறங்கியது. அந்த வருஷம் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று கேட்க முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போனார் ராஜாஜி, 92 வயதில். ஆகஸ்ட் 30ஆம் தேதி மதுவிலக்கு நீங்கியது. 1937இல் சேலத்தில் அவரே தொடங்கிவைத்த வேலை. தனிமனிதன் என்ன செய்ய வேண்டும் என்பதை அரசு முடிவு செய்யக் கூடாது என்று 12 வருஷம் எழுதிய ஒரு கட்சியின் நிறுவனர், கடைசியாக ஒரு அரசிடம் கேட்டது தடையை எடுக்காதே என்று. இதை முரண்பாடு என்று சிரிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் காப்பாற்ற வந்த விஷயம் வேறு. அதற்கு ‘சுதந்திரா’ என்ற பெயர் பொருந்தவே இல்லை.

1972 டிசம்பர் 25 அவர் போனார். ரங்கா காங்கிரசுக்கே திரும்பி, பின்னாளில் குண்டூர் எம்.பி. ஆனார். 1974இல் கட்சி கலைந்து பாரதிய லோக் தளத்தில் சேர்ந்தது. அதன் தலைவர் யார்? சரண் சிங். நாகபுரியில் எழுந்து எதிர்த்தாரே, அவர்.

அவசரநிலை, 1977, ஜனதா ஆட்சி. அந்த அமைச்சரவையில் நிதி அமைச்சர் எச்.எம். படேல், குஜராத் சுதந்திராவின் முன்னணித் தலைவராக இருந்தவர். சரண் சிங்கும் உள்ளே. அந்த அரசு கொண்டுவந்ததுதான் 44ஆவது திருத்தம். அவசரநிலைக் கொடுமைகள் திரும்ப நடக்காமல் இருக்க நல்ல பல ஷரத்துகள் அதில் உண்டு. கூடவே 19ஆவது பிரிவிலிருந்து சொத்துரிமை எடுக்கப்பட்டது, 31ஆவது பிரிவு நீக்கப்பட்டது. 300ஏ என்று ஒரு வரி மிச்சம்: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. சட்டம் இருந்தால் போதும். 17ஆவது திருத்தத்தில் உச்சவரம்புக்குள் இருப்பவனுக்குச் சந்தை விலை என்று சொன்ன அந்த விதிவிலக்கு மட்டும் 31ஏ பிரிவில் தப்பிப் பிழைத்தது. காங்கிரஸ் எழுதியது அது. சுதந்திராக் கட்சி எதிர்த்து ஓட்டுப் போட்ட திருத்தத்தில் இருந்தது.

மகாராஷ்டிரத்தில் மட்டும் ஒரு சின்னக் குழு 1974இல் இணைய மறுத்தது. 1990களில் அவர்கள் கட்சியை மறுபடி பதிவு செய்ய நினைத்தார்கள். அதற்குள் சட்டத்தில் ஒரு புது விதி வந்திருந்தது: பதிவு செய்யும் எந்தக் கட்சியும் சோஷலிசத்துக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதி சொல்ல வேண்டும். பொய் சொல்லிப் பதிவு செய்ய மாட்டோம் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது நட்சத்திரத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் இருந்தால், ஏன் போட்டார்கள் என்று கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. குறிப்பாகக் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆட்கள். அவங்ககிட்ட அப்போ எத்தனை ஏக்கர் இருந்துச்சுன்னும் சேர்த்துக் கேட்டுடுங்க.